நானோ தாளுக்கு நான் வைத்த பொட்டு

அடுகோடி, பெங்களூர்
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

பாசமும் மரியாதையும், நேற்று சாயந்திரத்திலிருந்து கொஞ்சம் பயமும் உள்ள மச்சான் ரங்கநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வனஜாவைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக இருபத்தாறு வருஷமாக உங்களிடம் திட்டு வாங்கிவரும் சந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வனஜா, உங்கள் மகள் இளவேனில் மூன்று பேரும் சௌக்கியம். இளவேனில் சௌக்கியம் என்பதை மட்டும் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆம்பூரில் உங்கள் பி.பி., உங்கள் வீட்டு அக்காவின் முட்டிவலி, உங்கள் முன்கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆசை. முதல் இரண்டும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் மற்றதை எழுதக் கை ஓடும். நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இளவேனில் போட்டோவைப் போட்டது வனஜா இல்லை மச்சான், நான்தான். வனஜாவின் போனிலிருந்து போட்டதால் நீங்கள் அவளைத் திட்டினீர்கள். அவள் திட்டு வாங்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன், பூஜைக்குச் செய்த கேசரியில் மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் கேசரி இருந்ததால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. போட்டோவை வெறுமனே போட எனக்கு மனசு வரவில்லை. போட்டோவைச் சுற்றி பிரேம் போடுகிற சமாச்சாரம் ஒன்று போனில் இருக்கிறது, அதைத் திறந்து பார்த்தேன். பலூன் போட்டது ஒன்று, கேக் போட்டது ஒன்று, எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானது. ஒன்றில் மட்டும் சுற்றிலும் வெள்ளைப் பூ, கீழே இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் வட்டமாக முகம். மங்களகரமாக இருக்கிறதே என்று அதையே வைத்தேன். கீழே ஏதோ பொடி எழுத்து இருந்தது, கண்ணாடி கையில் இல்லை. அது 'கண்ணீர் அஞ்சலி' என்று, நம் சொந்தக்காரர்களில் பதினெட்டுப் பேர் கைகூப்புகிற பொம்மை அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. ஓசூர் சித்தப்பா போன் பண்ணி, "எத்தினி மணிக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டார். அந்தப் போட்டோவில் பிள்ளை முகமெல்லாம் கறுப்பு, துணியெல்லாம் சிவப்பு. நீங்கள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அக்கா சொன்னார். அதற்கு மட்டும் கேலி இல்லாமல், மனசாரக் கையெடுத்து மன்னிப்புக் கேட்கிறேன்.

பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் உங்களுக்கு உயிர் வந்தது, உயிர் வந்ததும் கோபம் வந்தது. "டாக்டர் பட்டத்துக்குப் படிக்க அனுப்பினா, பைக் கழுவுற அழுக்குத் தண்ணியில நிக்க வெச்சிருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை வர்றேன், பொட்டியோட ரெடியா இருக்கச் சொல்லு, இனிமே அந்த ஷெட்டுப் பக்கம் அவ கால் படக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. வனஜா போனையும் எடுப்பதில்லை. இளவேனில் போனை எடுக்கிறீர்கள், "நீ பேசாதே" என்று சொல்வதற்காக. ஆகவே வேறு வழியில்லாமல் காகிதத்தைக் கையில் எடுத்திருக்கிறேன். கடைசியாக நான் உங்களுக்குக் கடிதம் எழுதியபோது, பிழைகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மார்க்கும் போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள், நாற்பதுக்கு ஏழு. ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் எழுதுகிற பயம் நாலாம் கிளாஸோடு நின்ற எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை எழுத்தை வனஜா பார்த்துத் திருத்துகிறாள். விஷயத்துக்கு அவள் பொறுப்பில்லை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வராதீர்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வார்டு ஆபீசர் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிறார். இளவேனில் இங்கே இருந்தால் ஷெட் திறந்திருக்கும். அவளை நீங்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டால், இருபத்திரண்டு வருஷ ஷெட்டுக்கு அன்றைக்கே பூட்டு. ஏன் என்று கேட்பீர்கள். கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நீங்கள் என் ஷெட்டுக்கு வந்தீர்கள், ஞாபகம் இருக்கும். மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு நின்றீர்கள். உட்காருங்கள் மச்சான் என்று நாற்காலியைக் காட்டினேன். நான் காட்டியதாலேயே அதை விட்டுவிட்டு, கிரீஸ் டப்பா மூடிமேல் உட்கார்ந்தீர்கள். எழுந்தபோது உங்கள் வேட்டியில் பின்பக்கம் பௌர்ணமி. அந்த வேட்டியை வனஜா முதலில் வெறும் தண்ணீரில் முக்கினாள். எண்ணெய் தனியாக மேலே மிதந்தது, தண்ணீர் தனியாகக் கீழே நின்றது. அப்புறம் சோப்புப் பவுடரைக் கொட்டிக் கசக்கினாள். அவ்வளவுதான், வாளி முழுக்கப் பால் மாதிரி ஆகிவிட்டது. மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் அள்ளிவிடலாம், பாலாக ஆன பிறகு எதை அள்ளுவது? மச்சான், என் ஷெட்டின் மொத்தப் பிரச்சினையும் உங்கள் வேட்டிதான். தினமும் பத்துப் பதினைந்து பைக்கு, நாலைந்து ஆட்டோ வருகின்றன. செயின் கிரீஸ், என்ஜின் ஆயில், அதன் மேல் ஷாம்பு நுரை, எல்லாம் சேர்ந்து பின்பக்கத் தொட்டியில் விழுகிறது. மிதக்கிறதைத் தொட்டி பிடித்துக்கொள்ளும். பாலாகக் கரைந்தது பைப் வழியாக வெளியே போய், எதிர்வீட்டுக் கேரல் ஆன்ட்டி கேட்டுக்கு முன்னால் இருக்கிற சாக்கடையில் சேரும்.

கேரல் ஆன்ட்டிக்கு அறுபத்தெட்டு வயசு. நல்ல மனுஷி, கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு முதல் துண்டு கேக் அனுப்புகிறவர். அவரே ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சாக்கடையைக் காட்டினார். "பாரு மேன் சந்திரன், மழையே இல்ல, என் கேட்டாண்ட ரெயின்போ நிக்குது. நேத்து சர்ச்சுக்குப் போகச்சொல்ல வழுக்கிட்டேன். நான் விழுந்தா ஹிப் போயிடும், நீயா வந்து என்னைத் தூக்குவே?"

"தூக்குறேன் ஆன்ட்டி."

"நீ தூக்குறதுக்கு நான் விழணுமா மேன்?"

அவர் வார்டு ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். ஆபீசர் வந்தார், பார்த்தார், நோட்டீஸ் கொடுத்தார். முப்பது நாளில் எண்ணெய்த் தண்ணீர் வெளியே போவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஷெட்டைப் பூட்டுவோம் என்று. அவர்மேலும் தப்பில்லை, ஆன்ட்டிமேலும் தப்பில்லை, வழுக்கினது உண்மை. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை என்பதை வனஜாவைக் கேட்டால் சொல்வாள். கேலி பேசுகிறவனுக்கு மனசு உடையாது என்று ஒன்றும் இல்லை. வண்டி கழுவுவதையும் ஆயில் மாற்றுவதையும் தவிர எனக்கு வேறு எது தெரியும், நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மர்பி டவுன் வீட்டுக்கு இளவேனில் சாப்பிட வந்தாள். நோட்டீஸை எடுத்துப் படித்தாள். ஐயோ மாமா என்று ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு, "மாமா, அந்தத் தண்ணி எனக்கு ஒரு கேன் கிடைக்குமா?" என்று கேட்டாள். ஊரே வேண்டாம் என்று துரத்துகிற தண்ணீரை ஒருத்தி கேட்டு வாங்குகிறாள். என்னவென்று விசாரித்தால், அவள் மூன்று வருஷமாக எண்ணெய்த் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற தாள் ஒன்றைத்தான் காலேஜில் செய்துகொண்டிருக்கிறாளாம். அதைச் சோதித்துப் பார்க்க அவர்களே எண்ணெயையும் சோப்பையும் கலந்து அழுக்குத் தண்ணீர் தயார் பண்ணுவார்களாம். "படிச்சுப் படிச்சு அழுக்குப் பண்றீங்களா? நாங்க படிக்காமலே பண்றோமே பாப்பா" என்றேன். சிரித்துவிட்டு, மறுநாளே பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி, ஒரு சின்ன மோட்டார், நாலு ட்யூப் எல்லாவற்றையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஷெட்டில் வந்து இறங்கினாள்.

பெட்டிக்குள்ளே இருப்பது ஒரு வெள்ளைத் தாள். நோட்டுத் தாளைவிடக் கனம், துணியைவிட மிருது. அதன்மேல் ஏதோ பொடி பூசியிருக்கிறதாம், நானோ பொடி. ஒரு தலைமுடியின் கனத்தைப் பல ஆயிரம் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு சின்னது என்றாள். உங்களுக்குத் தலைமுடியை வைத்து விளக்குவது கஷ்டம் மச்சான், அக்காவிடம் ஒன்று கடன் வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். "இந்தப் பொடிக்குத் தண்ணின்னா உயிர் மாமா. தண்ணியை இழுத்துப் போர்வை மாதிரி மேல போத்திக்கும். எண்ணெய் வந்து முட்டினா அந்தப் போர்வையில வழுக்கிடும், ஓட்டைக்குள்ள நுழைய முடியாது. தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போயிடும்" என்றாள்.

"அப்ப உங்க அப்பா வீட்டு வாசல் மாதிரின்னு சொல்லு."

"எங்க அப்பா வாசலா?"

"சொந்தக்காரன் எல்லாம் சுளுவா உள்ள போறான். நான் போனா மட்டும் வழுக்குதே."

மோட்டாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள், ஆகவே இந்தப் பகுதியைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் இரண்டே இரண்டு கட்டளை போட்டாள். தாளைக் கையால் தொடக் கூடாது. புதுசாக இருக்கும்போது அது காய்ந்திருக்கலாம், ஆனால் ஒரு தடவை நனைந்துவிட்டால் மறுபடி காயவே கூடாது. காய்ந்தால் போர்வை போய்விடும், எண்ணெய் வந்து ஒட்டிக்கொள்ளும். "புரிஞ்சுதா மாமா?" என்றாள். புரிந்த மாதிரி தலையாட்டுவதில் எனக்கு நாலாம் கிளாஸிலிருந்தே பேர் உண்டு.

பெட்டி ஓட ஆரம்பித்தது. ஒரு பக்கம் உங்கள் வேட்டித் தண்ணீர் போகிறது, மறுபக்கம் பளிங்கு மாதிரி வருகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் வடிகட்டலாம் போல. தினமும் நோட்டில் எழுதச் சொன்னாள். நான் தினமும் 'நல்லா ஓடுது' என்று எழுதினேன். அவளுக்கு நம்பர் வேண்டுமாம். மறுநாளிலிருந்து 'நல்லா ஓடுது 1', 'நல்லா ஓடுது 2' என்று எழுதினேன். கேரல் ஆன்ட்டியே கண்ணாடி டம்ளரோடு வந்து பிடித்துப் பார்த்து, "குடிக்கலாமா மேன்?" என்றார். "ஐயோ ஆன்ட்டி, குடிக்கிறதுக்கு இல்ல, சாக்கடைக்கு எண்ணெய் இல்லாமப் போறதுக்கு மட்டும்தான்" என்று இளவேனில் டம்ளரைப் பிடுங்கிவிட்டாள். சாக்கடைக்கு இவ்வளவு நல்ல தண்ணீரா என்று ஆன்ட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இருபத்துமூன்று நாள் இப்படியே ஓடியது. அன்றைக்கே அந்த ஆபீசர் வந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

ஆனால் அவருக்கு முன்னால் ஆயுதபூஜை வந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஆயுதபூஜை எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. புத்தகத்தை அடுக்கி, மேலே பேனாவை வைத்தால் உங்கள் பூஜை முடிந்தது. இங்கே கம்ப்ரெஸர், ஜாக்கி, காற்று அடிக்கிற மோட்டார், பைப், ஒவ்வொரு ஸ்பேனர், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். ஒரு ஸ்பேனரை விட்டுவிட்டாலும் அது வருஷம் பூரா மனசில் வைத்திருந்து விரலை நசுக்கும். நான் சொல்லவில்லை, என் இடது கைக் கட்டைவிரல் சொல்லும். அன்றைக்கு இளவேனில் காலேஜ் பூஜைக்குப் போய்விட்டாள். போகும்போது, "மெஷின் ஓடலைன்னாலும் பரவாயில்ல மாமா, தாள் மேல தண்ணி நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, அவள் பெட்டியின் மூடிக்கும் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு நகரப் போனேன், மனசு கேட்கவில்லை. மூடி என்ன வேலை செய்கிறது? சும்மா மூடிக்கொண்டிருக்கிறது. இருபத்துமூன்று நாளாக என் ஷெட்டைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கிற தாள். கல்யாணத்துக்குப் போய், பெண்ணை விட்டுவிட்டு மண்டபத்துக் கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

மூடியைத் திறந்தேன். தாள் வெள்ளை வெளேரென்று, விடிகாலையில் குளித்துவிட்டு வந்த நெற்றி மாதிரி இருந்தது. மேலே தண்ணீர் நின்றது. ஈரத்தில் விபூதி ஒட்டாது. ஆகவே தண்ணீரை வடித்தேன். புதுத் துண்டால் ஒற்றி எடுத்தேன். அப்புறமும் ஈரமாக இருந்ததால் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து அரை மணி நேரம் காயவிட்டேன். நன்றாகக் காய்ந்ததும் விபூதியில் மூன்று பட்டை, நடுவில் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டினேன். வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். இரண்டு கட்டளை போட்டிருந்தாள் இல்லையா மச்சான், இரண்டையும் ஒரே பூஜையில் முடித்துவிட்டேன்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து ஸ்விட்சைப் போட்டேன். முதல் தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்தது. நான் அதைப் பார்த்து, ஆஹா சாமியே வந்துவிட்டது என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டிலிருந்து சத்தம்.

"ஜீசஸ்! சந்திரன்! யாரை மேன் கொன்னே?"

சாக்கடை சிவப்பாக ஓடுகிறது. முதல் நாள் உடைத்த பூசணிக்காயின் குங்குமமும் வாசலில் அப்படியே கிடக்கிறது. ஆன்ட்டி ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் போன், வீடியோ எடுத்து ஆபீசருக்கு அனுப்பிவிட்டார். அதே நேரத்துக்கு இளவேனில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தாள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள்.

"மாமா, யாரு இது?"

"நான்தான்."

"பட்டை போட்டிருக்கீங்க."

"பொட்டும் வெச்சிருக்கேன்."

"காய வெச்சீங்களா?"

"ஃபேன் போட்டுத்தான் காய வெச்சேன், வெயில்ல வெக்கல" என்றேன், அதில் ஏதாவது மன்னிப்பு இருக்குமோ என்று. பிள்ளை நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நிலைமையிலும் சிவப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தாள். சாயம் தண்ணீரிலேயே கரைந்துவிடுவதால் அதைத் தாள் பிடிக்காதாம், எண்ணெயைத்தான் பிடிக்குமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே தாளைச் சந்தனம் அடைத்துக்கொண்டது, காய்ந்த இடத்தில் எல்லாம் எண்ணெய் ஒட்டிக்கொண்டது, தாள் தார் ரோடு மாதிரி கறுத்தது. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் முட்டி, ட்யூப் பிடுங்கிக்கொண்டு, கறுப்பெல்லாம் அவள் முகத்தில், சிவப்பெல்லாம் அவள் துணியில். அப்போது எடுத்த போட்டோதான் நீங்கள் பார்த்தது. நான் அதைப் பெருமையாக எடுத்தேன் மச்சான். அந்தக் கோலத்திலும் அவள் கை மோட்டார் ஸ்விட்சை அணைக்கத்தான் போகிறது, முகத்தைத் துடைக்கப் போகவில்லை. பூவுக்கும் விளக்குக்கும் நடுவில் அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இன்று காலை ஆபீசர் வந்தார். கன்னடக்காரர், எங்களோடு கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார். "ஏன்றீ சந்திரன், இது ஏனு, ரத்தமா?" என்று கேட்டார். குங்குமம் சார் என்றேன். இளவேனில் பிடித்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நியூஸ் பேப்பரில் விட்டுக் காய வைத்தாள். எண்ணெய் இருந்தால் பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி அந்த இடம் கண்ணாடியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆபீசர் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், முகர்ந்து பார்த்தார், திருப்பியும் பார்த்தார்.

"எண்ணெய் இல்ல ரீ. ஆனா கெம்பா, சிவப்பா இருக்கே."

"பூஜை பண்ணோம் சார்."

"எதுக்கு?"

"வடிகட்டிக்கு."

பேப்பரை என் கையில் கொடுத்தார். "நானும்தான் ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வெச்சேன். ஸ்கிரீன் மேல வெக்கல ரீ" என்றார். அப்புறம் சொன்னார்: "சோமவாரம் முப்பது நாள் முடியுது. பதினொண்ணு மணிக்கு வர்றேன். என் எதிர்ல ஒரு பக்கெட் தண்ணி, எண்ணெய் இல்லாம, கலர் இல்லாம வரணும். வந்தா நோட்டீஸை நானே கிழிக்கிறேன். இல்லேன்னா பூட்டுதான்." சோமவாரம் என்றால் திங்கட்கிழமை மச்சான்.

மத்தியானம் இளவேனில் காலேஜுக்குப் போய், கையில் மிச்சம் இருந்த ஒரே ஒரு புதுத் தாளை எடுத்து வந்திருக்கிறாள். இன்னொன்று செய்ய இரண்டு வாரம் ஆகுமாம். எண்ணெய்க் கை படாத இடம் என்று ஷெட்டில் பார்த்துப் பார்த்து, கடைசியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டியை இரண்டு நாள் கழுவி, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தாளை மாட்டுவாளாம். நான் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், இனி இந்த ஜென்மத்தில் என் குங்குமமும் அவள் தாளும் சந்திக்காது. வேண்டுமானால் பெட்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம், அதுவும் நாலடி தள்ளி.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று அவளுடைய புரொபசர் போன் பண்ணினார். தாள் ஏன் கெட்டது என்று கேட்டிருக்கிறார். நான் பயந்துகொண்டே பக்கத்தில் நின்றேன். "ஃபீல்ட் கண்டிஷன் சார், லேப்ல நாம எதிர்பார்க்காத ஃபீல்ட் கண்டிஷன்" என்று சொன்னாள். அந்த ஃபீல்ட் கண்டிஷன் நான்தான் மச்சான். ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. அதில் மட்டும் அவள் உங்களைக் கொள்ளவில்லை. வீம்பு முழுக்க உங்களுடையது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால் அப்பா பேச்சை மீறமாட்டாள், துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவாள், எனக்குத் தெரியும். ஆகவேதான் கெஞ்சுகிறேன். செவ்வாய்க்கிழமை வாருங்கள். வாழைப்பூ வடை போடச் சொல்கிறேன். ஷெட்டில் உங்களுக்காகப் புது நாற்காலி வாங்கி வைத்திருக்கிறேன், நான் காட்டமாட்டேன், நீங்களே கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எக்காரணம் கொண்டும் வராதீர்கள்.

கேரல் ஆன்ட்டியின் தம்பி டென்சில் இன்றைக்கு ரயிலில் ஆம்பூர் சம்பந்தி வீட்டுக்குப் போகிறான். ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பூஜைக் குங்குமம் கொஞ்சம் நல்ல வெள்ளைத் தாளில் மடித்துக் கவருக்குள் வைத்திருக்கிறேன், நீங்களும் அக்காவும் இட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கோபம் தணியட்டும், அக்காவின் முட்டி மடங்கட்டும், நம் இளவேனில் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு அதை நீங்களே சிவப்பு மையில் வட்டம் போட்டு ரசிக்கிற நாள் சீக்கிரம் வரட்டும்.

என்றைக்கும் உங்கள் வாசலில் வழுக்கிக்கொண்டிருக்கும்,
சந்திரன்

பின்குறிப்பு: இது கடிதத்தோடு வராது மச்சான். கடிதம் டென்சிலோடு ரயிலில் போய்விட்டது. டென்சிலின் போன் என் ஷெட்டில் சார்ஜில் இருக்கிறது, நாங்கள் கூப்பிடக் கூப்பிட இங்கேயே அடிக்கிறது. ஆகவே இந்தப் பின்குறிப்பைத் தனிக் கவரில் போட்டு, என் பழைய கஸ்டமர் அய்யாவு கண்டக்டராகப் போகிற ஆம்பூர் பஸ்ஸில் அனுப்புகிறேன். பஸ் முந்திக்கொண்டால் முதலில் இதைப் படியுங்கள். அப்புறம் கடிதம் வரும். அதில் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று இரண்டு மூன்று இடத்தில் எழுதியிருப்பேன், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலிலேயே வந்துவிடவும். வரும்போது குங்குமம் மடித்திருக்கிற தாளைக் கொண்டுவரவும், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த தாள் அதுதானாம். குங்குமத்தை அக்கா எடுத்துக்கொள்ளட்டும், தாளைத் தட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம், நனைக்க வேண்டாம். குங்குமமும் மடிப்பும் படாமல் உள்ளங்கை அளவு ஒரு துண்டு கிடைத்தால் போதும், சின்னப் பெட்டியில் வைத்து ஒரு பக்கெட் தண்ணீர் காட்டிவிடலாம் என்று இளவேனில் சொல்கிறாள். கவரைப் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரிக்கவும். தாளை எட்டாக மடித்திருக்கிறேன். மடிப்பு நிற்கவில்லை, அதனால் நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். ஸ்டேப்ளர் விஷயத்தை இளவேனிலிடம் இன்னும் சொல்லவில்லை.